தருமபுரி முற்றத்தில் ஒரு கடல் மீட்புக் கயிறு

சிகமகாமிகோ நிலையத்தின் மீட்புக் கயிற்றைச் சிறிய மாதிரியாகச் செய்துகொண்டிருந்தேன். இப்போது அது இழுத்தால் ஓடுகிறது. அந்த நிலையம் அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில், ரோடாந்தே என்ற ஊரில் இருக்கிறது. கரை தட்டிய கப்பல்களில் சிக்கியவர்களை மீட்பதற்கென்றே 1874-இல் கட்டினார்கள். 1911-இல் பக்கத்திலேயே பெரிய கட்டடம் ஒன்று எழுந்தது. இன்று அது அருங்காட்சியகம். அந்தக் காலத்து மீட்புப் பயிற்சியைக் கோடையில் மக்கள் முன்னால் அப்படியே செய்தும் காட்டுகிறார்கள். என் ஆசைக்கு அதுதான் காரணம். கட்டடத்தைப் படத்தில் பார்த்துவிடலாம், கயிறு ஓடும் விதத்தைக் கையால் இழுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முறை இதுதான். லைல் என்ற சிறு வெண்கலப் பீரங்கியால், மெல்லிய நூல் கட்டிய குண்டைக் கப்பலைத் தாண்டிச் சுடுவார்கள். கப்பலில் இருப்பவர்கள் அந்த நூலைப் பிடித்து இழுத்தால், கப்பியில் கோத்த இரட்டைக் கயிறு வந்து சேரும். கப்பியைப் பாய்மரத்தில் கட்டிவிட்டால், கரையிலிருந்து தடித்த வடத்தை அந்தக் கயிற்றின் வழியே அனுப்பலாம். வடத்தில் தொங்கும் மிதவை வளையத்தில் கித்தான் கால்சட்டை ஒன்றைத் தைத்திருப்பார்கள். அதில் கால் நுழைத்து உட்காருபவரைக் கரையில் நிற்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். ஒருவர் இறங்கியதும் வளையம் அடுத்தவருக்காகத் திரும்பப் போகும்.

என்னை அதிகம் கட்டிப்போட்டது நூல் பெட்டி. நூலைச் சும்மா சுருட்டி வைத்தால் குண்டு பறக்கும் வேகத்தில் முடிச்சு விழும். அதனால் ஒரு சட்டத்தில் வரிசையாக முளைகள் அடித்து, நூலைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காகச் சுற்றினார்கள். பெட்டியைக் கவிழ்த்து மூடித் திருப்பி, முளைச் சட்டத்தை மட்டும் உருவி எடுத்தால் நூல் அடுக்கு கலையாமல் பெட்டிக்குள் தங்கிவிடும். மாம்பழப் பெட்டிப் பலகையும் மூங்கில் குச்சியும் வைத்து இதைச் செய்தேன். பீரங்கிக்குப் பதில் உண்டிவில்லும் ஈயக் குண்டும். நூல் தடங்கலே இல்லாமல் சரசரவென்று வெளியேறியபோது, இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அப்புறம் மணல் நங்கூரம். இரண்டு பலகைகளைப் பெருக்கல் குறிபோலப் பிணைத்து மணலில் புதைத்தால் வடத்தின் கரைப்பக்கத்தை அது தாங்கும். எங்கள் செம்மண் சாதாரணமாகவே இறுகப் பிடிக்கும் என்பதால், அதில் வைத்துப் பார்ப்பது சரியான சோதனை ஆகாது. எம்-சாண்டைத் தொட்டியில் நிரப்பிப் புதைத்தேன். நன்றாகவே நிற்கிறது. வடத்தைத் தூக்கிப் பிடிக்கக் கவைக்கோல், பாய்மரத்துக்கு மூங்கில், கால்சட்டைக்குப் பழைய காக்கித் துணி. இதெல்லாம் சுலபமாக முடிந்தது.

பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்டியபோது பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன், "எதுக்கு சார் இவ்வளவு கயிறு? பரிசல்ல போய்க் கூட்டிட்டு வந்துடலாமே?" என்றான். அவன் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். அருமையான கேள்வி. அவர்களும் படகில் போனவர்கள்தான். 1918 ஆகஸ்ட் 16 அன்று மிர்லோ என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் வெடித்தது. கடல்மேல் எண்ணெய் எரிந்துகொண்டிருக்க, இந்த நிலையத்து ஆட்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய் 51 பேரில் 42 பேரை மீட்டு வந்தார்கள். அந்தப் படகு இன்றும் அங்கே இருக்கிறது. படகை இறக்கவே முடியாதபடி அலை அடிக்கும்போது, கப்பல் எட்டும் தூரத்தில் இருந்தால் கயிறு.

இரண்டுக்கும் வழியில்லாத நாளும் உண்டு. பக்கத்து நிலையமான பீ ஐலண்டில் ரிச்சர்ட் எதிரிட்ஜ் தலைமையில் இருந்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்கள். 1896-இல் நியூமன் என்ற கப்பல் சிக்கியபோது பீரங்கியும் பயன்படவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்திப் போய் 9 பேரையும் கரை சேர்த்தார்கள். தங்கப் பதக்கம் அறிவிக்கப்பட்டது 1996-இல், அவர்கள் யாரும் உயிரோடு இல்லாதபோது. தொறு, அதாவது கவர்ந்து போன மாட்டு மந்தையை, மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்குக் கல் நட்ட மண் இது. நடுகல் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. "பேர் எல்லாம் எழுதி வச்சாங்களா சார்?" என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த வேலை குறிப்புப் பலகை. கப்பியை எங்கே கட்ட வேண்டும், கயிறு தடையில்லாமல் ஓடுகிறதா என்று எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு பலகையில் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் பிரெஞ்சிலும் எழுதிக் கயிற்றோடு அனுப்புவார்கள். நான் தமிழ் ஒரு பக்கம், தெலுங்கு ஒரு பக்கம் எழுதப்போகிறேன். ஓசூர்ப் பக்கப் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுபோக வேண்டும். அங்கே கன்னடம் பேசும் பிள்ளைகளும் இருப்பதால் இரண்டாவது பலகை ஒன்றும் அறுத்து வைத்திருக்கிறேன்.