தேசிய நூலகத்தில் தாத்தாவின் கடிதத்தைத் தேடிய அனுபவம்

"அப்பா பேப்பரில் எழுதிய கடிதத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்" என்று அம்மா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். துறைமுக வாரியத்தில் மூட்டை தூக்கினார். அவர் எழுதிய ஒரே ஒரு கடிதம் தமிழ்ப் பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கத்தரித்து இரும்புப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தாராம். தஞ்சோங் பகார் குடியிருப்பிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது அந்தப் பெட்டி எங்கோ போய்விட்டது. கடிதம் எதைப் பற்றியது என்று கேட்டால், இரவுப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதியிருந்தார் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

நான் முதலில் தேடியது மாணவனாக இருந்த தொண்ணூறுகளில். அப்போது தேசிய நூலகம் ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில், 1960இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தில் இருந்தது. பழைய தமிழ்த் தாள்களை மைக்ரோஃபிலிம் சுருளில்தான் பார்க்க முடியும். எந்த ஆண்டு என்று தெரியாமல் போனேன். ஒரு சுருளை மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, ஒளித்திரையில் ஓடும் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று சனிக்கிழமைகள் போனேன். கழுத்து வலியும் கண் எரிச்சலும்தான் மிச்சம். அத்துடன் விட்டுவிட்டேன். அந்தக் கட்டடமும் 2004இல் மூடப்பட்டு, சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது.

இரண்டாவது முயற்சியைப் போன ஆண்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே தொடங்கினேன். தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்னிலக்கமாக்கி 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தில் வைத்திருக்கிறது. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் அங்கே இருக்கிறது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது. தாத்தாவின் பெயரைத் தட்டினால் வந்துவிடும் என்று நம்பினேன்.

ஆங்கில எழுத்தில் தட்டியபோது ஏகப்பட்ட முடிவுகள் வந்தன. ஆனால் நம் பெயர்களை அக்காலத்து ஆங்கிலத் தாள்களில் எழுதியிருக்கும் விதம் இருக்கிறதே! தாத்தாவின் பெயரில் ககரம் உண்டு, இரட்டித்த பகரமும் உண்டு. ககரத்துக்கு 'கே' போட்டவர்கள் உண்டு, 'சி' போட்டவர்கள் உண்டு. பகரத்துக்கு ஒரு 'பி', இரண்டு 'பி', சில இடங்களில் 'பி' இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று. ஒரே பெயரை ஒன்பது விதமாகத் தேடினேன். அபராதம் கட்டிய ஒருவர், விபத்தில் அடிபட்ட ஒருவர், லாட்டரியில் பரிசு பெற்ற ஒருவர் என்று கிடைத்தார்கள். தகப்பன் பெயரை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒருவரும் எங்கள் தாத்தா இல்லை. பிறகு தமிழிலேயே தட்டினேன். எனக்கு வேண்டிய ஒன்றும் வரவில்லை. அப்படியானால் அந்தக் கடிதம் இங்கே இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். இங்கேதான் நான் தவறு செய்தேன். இதைப் படிப்பவர்கள் அந்தத் தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பக்கத்தைப் படம் எடுத்துத் தளத்தில் ஏற்றுவது ஒரு வேலை. அந்தப் படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி அடையாளம் கண்டு, தேடக்கூடிய சொல்லாக மாற்றுவது வேறு வேலை. முதல் வேலை நன்றாக நடந்திருந்தாலும் இரண்டாவதில் ஓட்டை விழலாம். அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய தமிழ் அச்சைப் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். மெல்லிய தாள், மை ஊறியிருக்கும். அதிலிருந்து ஃபிலிம், ஃபிலிமிலிருந்து படம் என்று இறங்கி வரும்போது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி முதலில் காணாமல் போகும். 'க்' வெறும் 'க' ஆகிவிடும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. நம் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துச் சொல்லைப் பார்த்து நாம் சரியாகவே வாசித்துவிடுவோம். கணினி ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் அந்தப் பெயர் தேடலில் அகப்படாது. தேடியது கிடைக்கவில்லை என்றால் அது அங்கே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது.

இதை எனக்கு விளக்கியவர் விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்தில் இருக்கும் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தின் நூலகர் ஒருவர். நான் கொண்டுபோன பெயர்ப் பட்டியலை அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் சார். அந்தக் கடிதம் வந்த நாளில் ஊரில் வேறு என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள்" என்றார்.

அங்கிருந்தே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். என்ன வருடம் என்று கேட்டிருந்தால் வழக்கம்போல் "யாருக்குத் தெரியும்" என்றிருப்பார். ஊரில் என்ன நடந்தது என்று கேட்டதும், ஒரு நொடிகூட யோசிக்காமல், "பெரிய தீ" என்றார். "ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. வீட்டு வாசலில் நின்று கறுப்புப் புகையைப் பார்த்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்புறம் கொஞ்ச நாள் கழித்துத்தான் அப்பா பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்."

அது புக்கிட் ஹோ சுவீ தீ. 1961 மே 25. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்த நாள். முப்பது ஆண்டுகளாக எனக்கு இல்லாமலிருந்த தேதி, ஐந்து நிமிடப் பேச்சில் கிடைத்துவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஆண்டுகளின் தாள்களையும் வீட்டிலிருந்தே திறக்க முடியாது. பதிப்புரிமை காரணமாகச் சிலவற்றை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்கலாம். ஆகவே போகும்போது ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது. நான் தேடல் பெட்டியைத் தொடவே இல்லை. மே 26ஆம் தேதித் தாளில் தொடங்கி, பழைய காலத்தில் புரட்டுவதைப்போல ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனேன். நிவாரண முகாம்கள், நன்கொடைகள், திரைப்பட விளம்பரங்கள், இறப்பு அறிவிப்புகள் என்று பக்கங்கள் போய்க்கொண்டிருந்தன. ஜூன் மாதத்துக்குள் நுழைந்து சில நாள்கள் கடந்ததும், உள்பக்கம் ஒன்றின் கீழ் மூலையில் தாத்தாவின் பெயரைப் பார்த்தேன். புள்ளி மறைந்துதான் இருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

கடிதம் எட்டே வரிகள். இரவுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. தீயில் வீடிழந்தவர்களுக்காகத் துறைமுகத்தில் வேலை செய்யும் தங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பணம் திரட்டியதாகவும், கொடுத்தவர்களின் பெயரை வெளியிட வேண்டும் என்றும் தாத்தா எழுதியிருந்தார். அதன் கீழே பட்டியல். 31 பெயர்கள். ஒரு வெள்ளி, ஐம்பது காசு, சிலருக்கு இருபது காசு. ஆங்கிலத் தாள்களில் ஒன்பது விதமாகச் சிதைந்து கிடக்கும் பெயர்கள், இங்கே அவரவர் வீட்டில் கூப்பிட்டபடியே ஒழுங்காக அச்சாகியிருந்தன. நான் அந்தத் திரையின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நூலகர் வந்து தோளருகே நின்று, ஒன்றும் பேசாமல் தானும் படித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தாத்தாவின் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. வேலைப் பதிவேடு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் வேறு வாசல் திறந்தது. 1968இல் தொடங்கப்பட்ட காப்பகம் இது. 2012 நவம்பரில் நூலக வாரியத்தோடு இணைந்தது. புதுப்பித்த கெனிங் ரைஸ் கட்டடம் 2019 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. இணைப்பு நிர்வாகச் செய்திதான் என்றாலும் என்னைப் போல் தேடி வருபவனுக்கு அதில் பெரிய பயன் இருக்கிறது. நாளிதழில் தொடங்கிய தேடலை அப்படியே படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் கொண்டுபோக முடிகிறது.

1979இலிருந்து அங்கே வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். பெரிய தலைவர்களோடு சாதாரணத் தொழிலாளர்களும் பேசியிருக்கிறார்கள். தமிழிலும் பேட்டிகள் உண்டு. பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். சிலவற்றுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், பேட்டி கொடுத்தவர் விதித்த நிபந்தனை அப்படி. எனக்கு வேண்டிய ஒன்று அந்த வகை. எதற்காகக் கேட்கிறேன் என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதினேன், சில வாரங்களில் அனுமதி வந்தது. ஒரு முதியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழில், அரிசி மூட்டையை எந்தத் தோளில் வாங்க வேண்டும், பலகையில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். தாத்தாவின் குரலை நான் கேட்டதில்லை. அவர் பேசியிருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தேடலுக்குப் பிறகு என் மனத்தில் அடிக்கடி வரும் ஒரு செய்தி உண்டு. 1953இல் தொழிலதிபர் லீ கொங் சியான் தேசிய நூலகம் கட்டுவதற்கு 375,000 வெள்ளி கொடுத்தபோது நிபந்தனை விதித்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் தாய்மொழிகளையும் அது வளர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் பாதி எப்போதோ நிறைவேறிவிட்டது. மூட்டை தூக்கியவரின் பேரன் யாரிடமும் கைகட்டி நிற்காமல் உள்ளே போய் வந்தேன். இரண்டாம் பாதியில் இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. ஆங்கிலத் தாளில் அபராதம் கட்டியவர் ஒரு நொடியில் கிடைக்கிறார். தமிழ்த் தாளில் ஐம்பது காசு தர்மம் செய்தவர் கிடைப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. 2015இல் ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்கமாக்கியபோது, தன்னார்வலர்கள் வரி வரியாக மெய்ப்புப் பார்த்தார்கள். ஆவணக் காப்பகமும் பழைய கையெழுத்து ஆவணங்களைப் படியெடுக்கவும், விவரமில்லாத படங்களுக்கு விவரம் சேர்க்கவும் பொதுமக்களை அழைக்கிறது. இயந்திரம் வாசிக்கத் திணறும் இடத்தில் தமிழ் தெரிந்த ஒரு கண் போதும். நம்மில் எத்தனையோ பேருக்கு அந்தக் கண் இருக்கிறது, வாரத்தில் ஒரு மணி நேரமும் இருக்கிறது.

முதல் வேலையாக அந்த 31 பெயர்களையும் தட்டச்சு செய்தேன். அச்சிட்ட பக்கத்தையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். "இவர் பக்கத்து வீடு, இவருடைய சம்சாரம்தான் எனக்குத் தலை பின்னிவிடுவார்." "இவர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை." இப்படிப் பதினேழு பேரை அடையாளம் சொன்னார்.

பத்தொன்பதாவது பெயரைப் படித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எவ்வளவு போட்டிருக்கிறது?"

"ஐம்பது காசு அம்மா."

"தப்பு. அவர் ஒரு வெள்ளி கொடுத்தார். நான்தான் கையில் வாங்கிக்கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன்."

பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே, அம்மா சொன்னதை நாளும் குறித்து எழுதி, நூலகருக்கு அனுப்பினேன்.