துருவ நட்சத்திரம் தெரியாத மாடி

மே மாதக் கடைசியில் ஒரு நாள், இரவு ஏழரைக்கு போன் வந்தது. என்னிடம் தொலைநோக்கி நிறுத்தும் தொழில் பழகிய தம்பி. இப்போது அவனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. சைடிங் ஸ்பிரிங் வானாய்வகம் இருக்கும் கூனாபராப்ரன் பக்கத்தில், ஒரு பண்ணையில் தொலைநோக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். அங்கே நள்ளிரவு.

“அண்ணா, நட்சத்திரம் நிக்கவே மாட்டேங்குது. மோட்டார் ஓடுது, ஆனா ஒரு நிமிஷத்துல நிலா அகலத்துக்கு நழுவிடுது.”

“மோட்டாரை நிறுத்திட்டுப் பாரு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நிறுத்தினா பாதி வேகத்துலதாண்ணா நழுவுது.”

அது போதும் எனக்கு. வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதோடு சேர்த்துத் தொலைநோக்கியைத் திருப்பத்தான் மோட்டார். நிலாவின் அகலம் அரை டிகிரி. மோட்டார் சும்மா இருந்தால் அந்த அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகும். ஒரு நிமிடத்தில் கடக்கிறது என்றால் மோட்டார் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. வடக்கே பார்த்து நின்றால் நட்சத்திரங்கள் துருவத்தைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும், தெற்கே பார்த்தால் முள்ளோடு சுற்றும். மோட்டாரை இயக்கும் கைக்கருவியில் ‘வடக்கு’ என்று இருந்ததை மாற்றச் சொன்னேன். மாற்றினான்.

அப்புறம்தான் உண்மையான வேலை. தொலைநோக்கி சுழலும் அச்சைத் துருவத்துக்கு நேராக வைக்க வேண்டும். தெற்கே துருவ நட்சத்திரம் என்று கைகாட்ட எதுவும் இல்லை. சிக்மா ஆக்டான்டிஸ் என்று ஒன்று துருவத்திலிருந்து ஒரு டிகிரி தள்ளி இருக்கிறது. பிரேசில் கொடியில்கூட அதற்கு இடமுண்டு. ஆனால் நம் துருவ நட்சத்திரத்தைவிட 20 மடங்குக்கு மேல் மங்கல். போலார் ஸ்கோப்பில், அதாவது துருவத்தைக் குறிபார்க்க அச்சில் பொருத்திய குட்டித் தொலைநோக்கியில், அதையும் பக்கத்து மூன்றையும் சேர்த்து ஒரு கோணல் நாற்கரம் பொறித்திருப்பார்கள். அந்த மங்கலான நாலையும் தேடிப் பிடித்துப் பொருத்த வேண்டும். அவனுக்கு அகப்படவில்லை.

“அது கிடக்கட்டும். நம்ம மாடியில எப்படிச் செஞ்சோம்?” என்றேன்.

நான் இருப்பது ஆந்திராவில், குப்பம் பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அட்சரேகை பன்னிரண்டே முக்கால், அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். நான் வேலை செய்யும் பள்ளிக்கூட மாடிகளில் பாதி நாள் அது குன்றுக்குப் பின்னாலோ புழுதியிலோ போய்விடும். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுன்ட்டுகளில் பல இந்தச் சாய்வுக்கு இறங்கவே முரண்டு பிடிக்கும். எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும். கால் அந்தப் பக்கம் வராதபடி முக்காலியைத் திருப்பி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இத்தனைக்கும் தாழ்ந்த அட்சரேகை ஒரு கொடை. ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வுக்கு எடுத்ததில், தென்வானமும் அங்கிருந்து நிறையத் தெரியும் என்பது ஒரு பெரிய காரணம்.

துருவ நட்சத்திரம் தெரியாததால் நாங்கள் நழுவலைப் பார்த்தே அச்சைத் திருத்துவோம். வான நடுவரையை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) ஒட்டி, வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் போகும் உச்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடிப்போம். குறுக்குக்கோடு போட்ட ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) அதை நடுவில் வைத்து, ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்ப்போம். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அவன் நோட்டில் நான் எழுதிக் கொடுத்தது இது.

அந்த நோட்டுதான் இப்போது அவன் கையில். எனக்குப் பகீரென்றது. பூமியின் அந்தப் பக்கத்தில் இந்த விதி தலைகீழ். எழுதிக் கொடுக்கும்போது நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

“தெற்கு, வடக்குன்னு இருக்கிறதை அடிச்சிடு. துருவத்தை விட்டு விலகினா அச்சு கிழக்கே இருக்கு. துருவத்துப் பக்கம் போனா மேற்கே இருக்கு. அப்படி எழுது. அது ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான்.”

கேட்டை அவன் தலைக்கு மேலே இருந்தது. அதற்கு வடக்கே, பாம்பாட்டி மண்டலத்தில் ஒன்றைப் பிடித்தான். தென்துருவத்துக்கு அச்சைத் திருத்த, வடக்கே பார்த்து நின்றான். நட்சத்திரம் துருவத்துப் பக்கம் விறுவிறுவென்று போனது. அப்படியானால் அச்சு மேற்கே வெகுவாகத் தள்ளியிருக்கிறது.

“எதை வச்சுத் திசை பார்த்தே?”

“காம்பஸ்தாண்ணா.”

எங்கள் ஊரில் காம்பஸ் முள் உண்மை வடக்கிலிருந்து ஒன்றிரண்டு டிகிரிதான் விலகும். அவன் நிற்கும் இடத்தில் கிட்டத்தட்ட 11 டிகிரி கிழக்கே விலகும். முள்ளின் தெற்கு முனை அதே அளவு மேற்கே போகும். முக்காலியையே பெயர்த்துத் திருப்பினான். பிறகு பக்கவாட்டுத் திருகுகள் இரண்டும், ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, கால் சுற்று, அரைக்கால் சுற்று. கிழக்கே தாழ இருந்த ஒரு நட்சத்திரத்தை வைத்து உயரத்தையும் சரிசெய்தான். ஒன்றரை மணி நேரம் போனது. இடையில் நான் சாப்பிட்டு முடித்தேன். அவன் பேசவேயில்லை. திருகு உராயும் சத்தம் மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது.

“பத்து நிமிஷமாச்சு, கோட்டுலயே நிக்குதுண்ணா.”

நான் மாடிக்கு வந்து தெற்கே பார்த்தேன். மாந்தோப்புக்கு மேலே தென்சிலுவை கொஞ்சம் மேற்கே சரிந்து தெரிந்தது.

“உனக்கு சிலுவை எப்படி இருக்கு?”

“வலது பக்கம் நல்லா சாஞ்சு படுத்துட்டுதுண்ணா. ரொம்பப் பெருசா தெரியுது.”

அடுத்த நாளுக்குக் கேமராவைத் தயார் செய்ய வேண்டும் என்று போனை வைத்தான்.