எட்டில் ஒரு லிஃப்டர்

ஜூன் 8, ஞாயிறு
காலை ஆறு மணிக்கு அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார். "டேய், இந்தச் சத்தத்தைக் கேளு." 2003 மாடல் பெட்ரோல் கார், அவர் ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. ஐடிலிங்கில் டிக் டிக் டிக். ரேஸ் பண்ணினால் சத்தமும் வேகமாகிறது. முன்பும் காலையில் வரும், ஐந்தாறு விநாடியில் அடங்கிவிடும். இன்று கிண்டி போய்த் திரும்பிய பிறகும் நிற்கவில்லை.

ஜூன் 9, திங்கள்
ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறக்காமலே "இன்ஜினை இறக்கணும் சார், டேப்பட்டும் அட்ஜஸ்ட் பண்ணணும்" என்றார்கள். இந்த இன்ஜினில் அட்ஜஸ்ட் பண்ண ஸ்க்ரூவே கிடையாது! கேமுக்கும் (சுற்றிக்கொண்டே வால்வைத் திறக்கும் மூக்குள்ள தண்டு) வால்வுக்கும் நடுவே விழும் இடைவெளியை ஹைட்ராலிக் லிஃப்டர் தானே அடைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டி பால் வால்வு. கேம் அழுத்தும்போது பால் வால்வு மூடிக்கொள்ள, உள்ளே சிக்கிய ஆயில் இரும்பு மாதிரி விறைத்து நிற்கும். ஆயில் வந்து சேராவிட்டாலோ, பால் வால்வு சரியாக மூடாவிட்டாலோ தட்டும். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ஆயிலைத்தானே? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கிறது. குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும், நுரை உள்ளே போன லிஃப்டர் அமுங்கும். ஆனால் பழைய பில்லில் 20டபிள்யூ-50 என்று இருக்கிறது. மேனுவலில் அதைவிட இளகிய 10டபிள்யூ-40. சென்னை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்பார்கள். லிஃப்டரின் துளை எவ்வளவு சிறியது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 14, சனி
போனில் 10 விநாடி பதிவு செய்து, நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டு எண்ணினேன். 66 தட்டல். ஐடிலிங் 800 ஆர்பிஎம், கேம் அதில் பாதி, நிமிடத்துக்கு 400. கணக்கு கேமோடு ஒத்துப்போகிறது. கிராங்கின் பேரிங் தேய்ந்த சத்தம் என்றால் கனமாக, கிராங்க் சுற்றுக்கு ஒன்றாக அடிக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னதும் முகம் தெளிந்தது.

ஆனால் இன்ஜெக்டரும் இதே கணக்கில்தான் தட்டும், மேனிஃபோல்டு பேக்கிங் கசிவும் அப்படியே. சாயங்காலம் தெருமுனை மெக்கானிக் அண்ணன் நீள ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். நுனியை இன்ஜெக்டரில் வைத்தார், பிடியைக் காதில் வைத்தார். மெல்லிய சத்தம்தான். வால்வு கவரில் மூன்றாவது சிலிண்டருக்கு மேல் வைத்ததும், "தம்பி, இங்கதான்" என்றார். பேக்கிங் கசிவு சூடேறினால் பெரும்பாலும் குறையும், இது குறையவில்லை. ஆயில் ஸ்விட்சைக் கழற்றி, ஆயில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினோம். சூட்டில் ஐடிலிங்கில் 22 பிஎஸ்ஐ, 3,000 ஆர்பிஎம்மில் 50. பம்ப் நன்றாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு
சரியான ஆயில், புது ஃபில்டர். மலிவு ஃபில்டரில் ஆயில் திரும்ப வழிவதைத் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது, ராத்திரி முழுக்க மேலே வறண்டுவிடும். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்வந்தோம். சத்தம் குறைந்தது, போகவில்லை.

ஜூன் 21, சனி
ஓட்டி நிறுத்திய சூட்டோடு கவரைத் திறந்தோம். ஒவ்வொரு கேமின் மூக்கும் மேலே பார்க்கும்படி கிராங்கைத் திருப்பி, ராக்கர் என்ற நெம்புகோலை லிஃப்டர் பக்கம் மரக்குச்சியால் அழுத்தினோம். எட்டு லிஃப்டரில் ஏழும் கல்லு மாதிரி. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு லிஃப்டர் மட்டும் பஞ்சு மாதிரி இறங்கியது. கேமில் கீறல் இல்லை, நகத்தால் தடவிப் பார்த்துவிட்டேன்.

புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும் என்றார் அண்ணன். பழையதில் எது எப்போது அமுங்கும் என்று யாருக்குத் தெரியும்? ஜி.பி. ரோட்டில் புதிதாக எட்டும் வாங்கினேன், மற்ற ஏழுக்கும் அதே வயதுதானே. மாட்டியதும் ஸ்டார்ட் பண்ண அப்பா அவசரப்பட்டார். "அரை மணி நேரம் பொறுங்க ஐயா" என்று அண்ணன் தடுத்தார். புது லிஃப்டர் அமுங்கி அளவுக்கு வர நேரம் வேண்டும்; அதற்குள் விறைத்து நிற்கும் லிஃப்டர் வால்வைத் திறந்தே பிடித்திருந்தால் பிஸ்டன் போய் இடிக்கும்.

ஜூன் 22, ஞாயிறு
காலை ஆறு மணி. அப்பா சாவியைத் திருப்பினார், நான் 10 விநாடி பதிவு செய்தேன். எண்ண ஒன்றும் இல்லை. கவர் மூலையில் லேசாக ஆயில் கசிகிறது, அடுத்த வாரம் பேக்கிங் மாற்ற வேண்டும்.