பேன்ட் சைஸ் பொய் சொல்லும்: எடைக் குறைப்பை ஒழுங்காக அளப்பது எப்படி

இடுப்பளவு என்ன என்று ஓர் ஆணிடம் கேட்டுப் பாருங்கள். பேன்ட் சைஸைத்தான் சொல்வார். "முப்பத்தாறு. பத்து வருஷமா அதேதான்." அவர் பொய் சொல்லவில்லை. தொப்பை முன்னால் வரவர பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இன்று அது தொப்பைக்கு அடியில் போய் நிற்கிறது. அதே ஆளுக்குத் தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றினால் 41, 42 அங்குலம்கூட வரலாம். இது போதாதென்று, 36 என்று லேபிள் ஒட்டிய பேன்ட்டின் இடுப்புப் பட்டியை விரித்து அளந்தால் பல தயாரிப்புகளில் அதுவே 37, 38 இருக்கும். ஆகவே பேன்ட் தளர்ந்ததா, இறுகியதா என்பதை ஆறுதலுக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்குக்கு வேறு வேண்டும்.

கணக்குக்கு மூன்று எண்கள் போதும்: காலை எடையின் ஏழு நாள் சராசரி, வாரம் ஒருமுறை எடுத்த வயிற்றுச் சுற்றளவு, உடல் பலத்தைக் காட்டும் ஏதாவது ஓர் எண். மற்றதெல்லாம் இவற்றுக்குத் துணை. ஆனால் மூன்றையும் திட்டம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்திலேயே எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நாளை முதல் டயட் என்றால் இன்று இரவு ஒரு கட்டு கட்டிவிடுவது வழக்கம். மறுநாள் காலை ஏறிப் பார்க்கும் எடையில் அந்தச் சாப்பாடும், அதன் உப்பு பிடித்து வைத்த நீரும் சேர்ந்தே இருக்கும். அதையே தொடக்க எடை என்று எழுதினால், ஒன்றும் செய்யாமலே மூன்றாம் நாள் ஒரு கிலோ "குறைந்துவிடும்".

முதல் வார இறக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லீரலும் தசைகளும் சேர்ந்து மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் சுமார் 400 முதல் 500 கிராம் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமும் தன்னுடன் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் இந்தச் சேமிப்பு கரைந்து, கூடவே நீரும் வெளியேறும். ஒன்றரை, இரண்டு கிலோ அப்படியே போய்விடும். அதில் கொழுப்பு மிகக் கொஞ்சம். "முதல் வாரத்திலேயே 3 கிலோ" என்ற விளம்பரங்கள் பிழைப்பது இதை வைத்துத்தான்.

எடை மெஷினை முதலில் சோதித்துவிடுங்கள். கெட்டியான, சமமான தரையில் வைக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ. வெறும் கேனை ஒருமுறை, நிரப்பிய கேனை ஒருமுறை நிறுத்தி, வித்தியாசத்தைப் பாருங்கள். டிஜிட்டல் மெஷின்கள் சிலவற்றில் ஒரு தந்திரம் இருக்கிறது: சற்றுமுன் காட்டிய எடைக்கு நெருக்கமாக அடுத்த எடை இருந்தால், புதிதாக நிறுக்காமல் பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும். "மூன்று தடவை ஏறினேன், மூன்று தடவையும் 92.4, என்ன துல்லியம்!" என்று மெச்சுவதற்கு முன், நடுவில் ஒரு தடவை கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஏறி இறங்குங்கள். பிறகு வெறும் கையோடு ஏறினால் உண்மையான எண் வரும்.

நேரம்: காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்கும் முன். உடை ஒன்றுமில்லாமல், அல்லது தினமும் ஒரே உள்ளாடையோடு. இப்படி எடுத்தாலும் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒரு கிலோ வரை ஆடுவது சகஜம். 172 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் ஒரு வாரக் கணக்கு இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 92.4, 91.8, 92.9, 92.1, 91.7, 92.6, 91.9. சராசரி 92.2. அடுத்த வாரம்: 92.0, 91.3, 91.9, 92.7, 91.5, 91.0, 90.8. சராசரி 91.6. குறைந்தது 0.6 கிலோ; நல்ல வேகம். ஆனால் இவரே வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஏறுபவராக இருந்து, முதல் வாரம் 91.7 வந்த நாளிலும் அடுத்த வாரம் 92.7 வந்த நாளிலும் ஏறியிருந்தால்? ஒரு கிலோ கூடிவிட்டது என்று நொந்து திட்டத்தையே விட்டிருப்பார். தினமும் எண்ணைப் பார்த்தால் மனசு கெடும் என்பவர்கள் ஏறி, எழுதி, மறந்துவிடலாம். வார முடிவில் கூட்டி ஏழால் வகுப்பது மட்டும்தான் வேலை.

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது என்பார்கள். அந்தக் கணக்கைப் பன்னிரண்டு வாரத்துக்கும் நேர்கோடாக நீட்டக் கூடாது. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். அசைவுகள் நமக்கே தெரியாமல் மந்தமாகும். எட்டாவது வாரத்தில் வேகம் குறைவதை மெஷினின் கோளாறு என்றோ உங்கள் குற்றம் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி டேப். ஆண்களுக்கு இது எடையைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஆணுடலில் கொழுப்பு அதிகம் சேர்வது வயிற்றுக்குள்ளே, உறுப்புகளைச் சுற்றி. சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்தோடு அதிகம் தொடர்புடையதும், எடைக் குறைப்பில் சீக்கிரம் கரையத் தொடங்குவதும் அதுவே. புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தவருக்கு முதல் சில வாரங்கள் தசைகள் நீர் பிடித்து எடை நகராமல் நிற்கலாம். உடற்பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் கிரியேட்டின் என்ற துணைப்பொடியை எடுத்தால் ஒன்றிரண்டு கிலோ கூடவும் செய்யும். அந்த வாரங்களில் உண்மையைச் சொல்வது டேப்தான்.

தையல்காரர் பயன்படுத்தும் நீளாத ஃபைபர் டேப் வேண்டும். பழைய துணி டேப் இழுபடும். ஸ்டீல் ஸ்கேல் ஒன்றின் பக்கத்தில் வைத்து 30 செ.மீ. சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அளக்கும் இடம்: பக்கவாட்டில் விரலால் தடவி, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பில் ஒரு புள்ளி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவில் டேப். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை இது. எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவு சதை இருந்தால் தொப்புள் மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் மாற்றாதீர்கள். ஒரே ஆளுக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பல செ.மீ. வித்தியாசம் வரக்கூடும்.

கால்களைச் சேர்த்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, இயல்பாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் படிக்க வேண்டும். ஆண்களால் முடியாத காரியம் இந்த "இயல்பாக"தான். டேப் தோலில் பட்டதும் வயிறு தானாக உள்ளே போகிறது. இதற்கு எளிய வழி, மூச்சை விட்டுக்கொண்டே "ஆ" என்று மெல்லச் சொல்வது, வயிறு தளர்ந்துவிடும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. முதுகுப் பக்கம் டேப் கீழே சரிவது அடுத்த தவறு. ஒரு கண்ணாடியோ இன்னொருவரோ இல்லாமல் அது தெரியாது. சரிந்தால் சுற்றளவு கூடக் காட்டும். இரண்டு முறை எடுங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். கவனமாக எடுத்தாலும் ஒரு செ.மீ. பிழை இருக்கும் என்பதால், 2 செ.மீ. நகர்ந்த பிறகே குறைந்தது என்று நம்பலாம்.

எவ்வளவு இருக்க வேண்டும்? ஆண்களுக்கு எச்சரிக்கை அளவாக, தெற்காசியர்களுக்கு 90 செ.மீ., ஐரோப்பியர்களுக்கு 94 செ.மீ. என்று வைத்திருக்கிறார்கள். நினைவில் வைக்கச் சுலபமானது, உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்பது. மேலே சொன்ன 172 செ.மீ. ஆளுக்கு 86.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை உடலில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு வரும் தடையிலிருந்து உடல் நீரை ஊகித்து, நீரிலிருந்து கொழுப்பை ஊகிக்கின்றன. ஊகத்தின் மேல் ஊகம். பாதத்தில் மட்டும் தகடு உள்ளவற்றில் மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். தொப்பையின் பெரும்பகுதியை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. டேப்பை வைத்துக் கணக்கிடும் அமெரிக்கக் கடற்படைச் சூத்திரம் இதைவிடத் தேவலை. இணையக் கணிப்பான்களில் கிடைக்கும் அதற்கு உயரம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே கழுத்துச் சுற்றளவு, தொப்புள் மட்டத்தில் வயிறு ஆகியவை வேண்டும்.

நம் ஆளுக்குத் தொடக்கத்தில் கழுத்து 40, வயிறு 100 என்றால் சூத்திரம் சுமார் 26.7 சதவீதம் தருகிறது. பன்னிரண்டு வாரம் கழித்து எடை 86.4, கழுத்து 39, வயிறு 94 என்றால் 23.4. கிலோவில் பார்த்தால் கொழுப்பு 24.6இலிருந்து 20.2 ஆகியிருக்கிறது: இழந்த 5.8 கிலோவில் 4.4 கொழுப்பு, மீதி தசையும் நீரும். ஏறத்தாழ முக்கால் பங்கு கொழுப்பு, நல்ல விளைவு. தனி எண்ணாக இந்தச் சதவீதம் மூன்று நான்கு புள்ளி தவறலாம். அதே கை, அதே இடம் என்றால் பிழையும் இரண்டு முறையும் ஒரே பக்கம் சாயும். மாற்றத்தை ஓரளவு நம்பலாம். வயிற்றளவில் ஒரு செ.மீ. தவறினால் விடை 0.6 புள்ளி மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். எக்ஸ்-கதிரால் கொழுப்பையும் தசையையும் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பதானால் இரண்டு முறையும் ஒரே இயந்திரத்தில், வெறும் வயிற்றில்.

பலத்தைக் காட்டும் எண் எதற்கென்றால், தசை போகிறதா என்று பார்க்க. ஜிம் போகிறவர் ஏதாவது ஒரு பயிற்சியில் ஐந்து முறை தூக்க முடிகிற எடையை எழுதலாம். மற்றவர்களுக்கு நெஞ்சு தரையைத் தொட்டு எழும் புஷ்-அப் எண்ணிக்கை போதும். உடல் லேசாவதால் புஷ்-அப் கூடத்தான் வேண்டும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து சரிந்தால் எடை குறையும் வேகம் அதிகம், அல்லது புரதம் போதவில்லை.

இரத்தப் பரிசோதனையில் அவசரம் கூடாது. சிவப்பணு வாழ்வது சுமார் 120 நாள் என்பதால் சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, மூன்று மாதம் ஆகும் முன் முழுக் கதையையும் சொல்லாது. இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு, கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி இரண்டையும் அதே ஆய்வகத்தில், அதே பட்டினி நேரத்தோடு எடுங்கள். எஸ்ஜிபிடிக்கு முந்தைய ஓரிரு நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். தசை வலித்தாலே அது ஏறும். டெஸ்டோஸ்டீரோன் பார்ப்பதென்றால் காலை பத்து மணிக்குள். இரத்த அழுத்தத்துக்கு ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் எடை குறையும்போது எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, திடீரென்று வியர்த்து நடுக்கம் எடுத்தாலோ மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

கடைசியாக, காசு கட்டிச் சேரும் திட்டங்களின் கணக்கு. "எங்களிடம் சராசரி 7 கிலோ குறைந்தது" என்றால் யாருடைய சராசரி என்று பாருங்கள். 40 பேர் சேர்ந்து 22 பேர் முடித்து, அந்த 22 பேருக்கு 7 கிலோ என்றால், விட்டுப்போன 18 பேருக்கு மாற்றம் இல்லை என்று வைத்தாலே சராசரி 3.85 கிலோதான். ஒழுங்கான கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் தொழில்முறைக் கால்பந்துக் கிளப்புகளில் நடந்த ஆண்களுக்கான எடைக் குறைப்புத் திட்டத்தைச் சொல்லலாம். 2014இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. 747 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை உடனே சேர்த்து, மறு பகுதியைக் காத்திருக்க வைத்தார்கள். வகுப்புகள் 12 வாரம்; முக்கிய அளவீடு எடுத்ததோ 12 மாதம் கழித்து. இரு பகுதிகளுக்கும் இடையிலான வித்தியாசம் 4.94 கிலோ. விளம்பர எண்களோடு ஒப்பிட்டால் சின்னதாகத்தான் தெரியும். நீங்கள் சேரப்போகும் இடத்தில் பணம் கட்டும் முன் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: போன வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இந்த வருடம் மறுபடி எடை பார்த்தது எத்தனை பேருக்கு?