சிவப்புப் பட்டையும் ஒரு நாள் மௌனமும்: ஒஹாயோ நாட்குறிப்பு

செப்டம்பர் 23

பிறக்காத பிள்ளைக்குக் குரல் கிடையாது. அதற்காக, கருக்கலைப்பை எதிர்த்து, மாணவர்கள் ஒரு நாள் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டேண்ட் ட்ரூ என்ற அமைப்பு 2004-இல் தொடங்கிவைத்த வழக்கம் இது. அக்டோபரில் ஒரு பள்ளி நாள் முழுக்கப் பேச்சில்லை. கையில் சிவப்புப் பட்டை, ஏன் பேசவில்லை என்று கேட்பவருக்குக் கொடுக்க ஒரு துண்டுச்சீட்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அவ்வளவுதான். வேலை முழுவதும் முந்தைய நான்கு வாரங்களில் இருக்கிறது. இந்த முறை நாள்: அக்டோபர் 22.

செப்டம்பர் 26

பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டியது டிங்கர் வழக்கு. 1965 டிசம்பரில், அயோவா மாநிலத்து டெ மாயின் நகரில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு போன மாணவர்களைப் பள்ளிகள் இடைநீக்கம் செய்தன. 1969-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 18,000 பேர் படித்த அந்தப் பள்ளிகளில் பட்டை கட்டியவர்கள் மிகச் சிலர். இடைநீக்கம் ஆனவர்கள் ஐந்து பேர். பாடம் கெடவில்லை, கலாட்டா இல்லை என்பதைத்தான் தீர்ப்பு திரும்பத் திரும்பச் சுட்டுகிறது. வகுப்பைக் கெடுத்தால் அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை என்பதையும் அதே தீர்ப்பில் படித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பாதுகாப்பு அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். தனியார் பள்ளியில் நிர்வாகம் வேண்டாம் என்றால் அரசியல் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. உட்கார்ந்து பேசி, கேட்டு வாங்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 30

பட்டை வெட்டும் நாள். 110 செ.மீ. அகலமுள்ள சிவப்புப் பருத்தித் துணி ஒரு மீட்டர் போதும். 5 செ.மீ. அகலத்தில் குறுக்காகக் கிழித்தால் 20 கீற்று, ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் 55 செ.மீ. நீளத்தில் 40 பட்டை. தடித்த சட்டை மேலும் முடிச்சுப் போட நீளம் தாராளம். ஊசி குத்த வேண்டாம். சில பள்ளிகளில் அதையே சாக்காக வைத்துக் கழற்றச் சொல்வார்கள்.

பட்டையில் எழுதுவது ‘உயிர்’ என்று பொருள்படும் நான்கு ஆங்கில எழுத்துகள். மார்க்கர் மை துணியில் பரவி எழுத்து வீங்கும். அடியில் அட்டை வைத்து, துணியை இழுத்துப் பிடித்து, முனையை அழுத்தாமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். ஒரு இடத்தில் முனையை நிறுத்தினால் அங்கே கறுப்பாகப் பூக்கும்.

சிவப்பு டேப்பை வாயில் ஒட்டிக்கொள்வதும் இந்த வழக்கத்தில் உண்டு. பள்ளிக்குள் அது வேண்டாம். உதட்டுத் தோல் உரியும், சளி பிடித்தவருக்கு மூச்சு முட்டும், நிர்வாகமும் பாதுகாப்பைச் சொல்லித் தடுத்துவிடும். டேப்தான் வேண்டும் என்பவர்கள், 48 மி.மீ. டேப்பைப் பசைப்பக்கம் உள்ளே போக நீளவாக்கில் மடித்து, கையில் கட்டட்டும்.

அக்டோபர் 4

துண்டுச்சீட்டு. ஒரு லெட்டர் தாளுக்கு நான்கு. இருபது பேருக்கு ஆளுக்கு 25 என்றால் 500 சீட்டு, 125 தாள்.

பழைய சீட்டுகளை அப்படியே அச்சடிப்பதுதான் பெரிய தவறு. அவற்றில் இன்னமும் ‘ரோ தீர்ப்பு ஒழிக’ என்று இருக்கிறது. கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கி 1973-இல் வந்த ரோ தீர்ப்பு, 2022 ஜூன் 24 அன்றே உச்ச நீதிமன்றத்தின் டாப்ஸ் தீர்ப்பால் போய்விட்டது. விஷயம் இப்போது மாநிலங்கள் கையில். ஒஹாயோ மக்கள் 2023 நவம்பரில் வாக்களித்துக் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இங்கே ஒரு மாணவன் பேச வேண்டியது நீதிபதிகளிடம் அல்ல, பக்கத்து இருக்கையில் இருப்பவனிடம்.

எண்களிலும் கவனம். ‘நம் தலைமுறையில் மூன்றில் ஒருவர்’ கருக்கலைப்பில் போய்விட்டார் என்ற பழைய வாசகத்தை எடுத்துவிடுங்கள். கணக்குக் கேட்டால் நிற்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 கருக்கலைப்பு எண்ணிக்கை 6,25,978. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் கணக்குக் கொடுக்காததால் உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே எழுதலாம்.

ரத்தப் படங்கள் வேண்டவே வேண்டாம். அந்த வகுப்பிலேயே கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண் இருக்கலாம். சீட்டை அவளும் வாங்குவாள். அவளைக் குற்றவாளியாக்கும் ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது. பின்பக்கத்தில் பக்கத்திலுள்ள கர்ப்பகால உதவி மையமும், கருக்கலைப்புக்குப் பிறகு வருந்துபவர்களுக்காக 1984-இல் மில்வாக்கியில் தொடங்கிய ப்ராஜெக்ட் ரேச்சல் போன்ற ஆறுதல் பணியும். இந்தப் பின்பக்கம் இல்லாத சீட்டை அச்சடிக்காமலே இருக்கலாம்.

அக்டோபர் 15

பிரின்சிபாலுக்கு ஒரு பக்கக் கடிதம்: என்ன நாள், எத்தனை பேர், சீட்டு எங்கே கொடுக்கப்படும். சீட்டு கொடுக்க முன் அனுமதி கேட்கும் பள்ளிகள் உண்டு. விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், குரலை உயர்த்த வேண்டாம். பாலினச் சிறுபான்மை மாணவர்களின் மௌன நாளை அதே பள்ளி அனுமதித்திருந்தால் அதை மரியாதையோடு நினைவூட்டுங்கள். கருத்தைப் பார்த்து ஒருவருக்குத் தந்து ஒருவருக்கு மறுக்க அரசுப் பள்ளியால் முடியாது.

அக்டோபர் 21

ஒவ்வொரு ஆசிரியரிடமும் நேரில் சொல்லும் நாள். ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுதிக் காட்டலாமா என்று இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். கூடாது என்றால் நாளை வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். வாய்மொழித் தேர்வு, ஆய்வகம், தீ ஒத்திகை, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பேச்சுத்தான். இதில் பிடிவாதம் பிடிக்கும் பிள்ளையால்தான் அடுத்த வருடம் மொத்தப் பேருக்கும் கதவு மூடும்.

அக்டோபர் 22

மௌனம் உடைவது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில். பட்டை கட்டியவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் சைகை, பிறகு சிரிப்பு, பிறகு பேச்சு. மேசைக்கு இருவராகப் பிரிந்து உட்காருங்கள். ஃபோனில் தட்டிக்கொண்டிருப்பதும் பேசுவதுதான்.

சீட்டை நடைபாதையிலும் உணவுக்கூடத்திலும் மட்டும் கொடுங்கள். கை நீட்டாதவர் கையில் திணிக்க வேண்டாம். யாராவது கிழித்துப் போட்டால் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; குப்பை என்ற புகார்தான் முதலில் வரும். சீண்டினால் பதிலுக்கு ஒரு சீட்டு, அதோடு நகர்ந்துவிடுங்கள்.

சீட்டை வாங்கி யாராவது அழுதால் அந்த நிமிடமே மௌனம் முடிந்தது. பேசுங்கள், கூடவே உட்காருங்கள், இதற்கென முன்பே ஒப்புக்கொண்டிருக்கும் ஆசிரியையிடம் கூட்டிப் போங்கள்.

அக்டோபர் 23

கேட்டவர்களுக்கு இன்று வாயால் பதில். நேற்று யாரையாவது பட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தால் இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்: நேரம், இடம், சொன்ன வார்த்தை, அப்போது வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது. துணிப் பட்டைகளைத் தனியாக அலசுங்கள், முதல் தண்ணீரில் சிவப்பு இறங்கும்.