ஒரு தாளால் போக இருந்த ஒரு வருஷம்

இந்த வாரம்தான் என்னுடைய டிகிரி ஆடிட் பக்கத்தில் (பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பட்டியல்) கடைசிச் சிவப்பு வரி பச்சையானது. வளிமண்டல அறிவியல் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புயலையும் மேகத்தையும் பற்றி அல்ல, ஒரு சிலபஸ் தாளைப் பற்றி.

அட்மிஷன், விடுதி, முதல் வருஷ இயற்பியல் எல்லாம் தன்பாட்டுக்கு நடந்தன. சிக்கல் மூன்றாவது செமஸ்டரில் ஆரம்பித்தது.

பெரிய பல்கலைக்கழகம், எந்தப் பாடமும் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். பல்கலைக்கழகம்தான் பெரிசு, எங்கள் துறை சின்னது. கணக்குப் பாடங்கள் ஒவ்வொரு செமஸ்டரும் நாலைந்து பிரிவாக ஓடும். வளிமண்டல இயங்கியல் முதல் பாகமோ வருஷத்துக்கு ஒரே முறை. அதை முடித்தால்தான் அடுத்த செமஸ்டரில் இரண்டாம் பாகமும், வானிலை வரைபடங்களை அலசிப் பழகும் சினாப்டிக் ஆய்வகமும். இரண்டாம் பாகம் இல்லாமல், சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து வானிலை சொல்லும் எண்முறை வானிலைக் கணிப்பு வகுப்புப் பக்கமே போக முடியாது. முதல் பாகத்துக்குள் நுழைய வெக்டர் கால்குலஸும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வேண்டும். ஒன்று தவறினால் ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு வருஷமே போச்சு.

வகைக்கெழுச் சமன்பாடுகளை நான் முன்பு படித்த கல்லூரியிலேயே முடித்திருந்தேன். ஆனால் மார்க் ஷீட்டில் அதன் பெயர் ‘பொறியியல் கணிதம் 3’. பதிவுத் திரையில் ‘முன்தேவை நிறைவேறவில்லை’ என்று ஒரே வரி.

பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால், “அது கணக்குத் துறை முடிவு பண்ணணும்.” கணக்குத் துறையில், “சிலபஸ் எங்க?” ஒரு பக்கம் அச்செடுத்துக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, “எத்தனை மணி நேரம், என்ன பாடநூல், ஒண்ணுமே இல்லையே” என்றார். பழைய கல்லூரிக்கு மெயில் போட்டு ஒன்பது நாள் காத்திருந்து முழு சிலபஸ் வாங்கிக் கொடுத்தால், “இது நீங்க படிச்ச வருஷத்தோடது இல்ல.” அது சரியான ஆட்சேபம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். மூன்றாம் முறை சரியான வருஷத்து சிலபஸ், முத்திரையோடு. வாங்கி விண்ணப்பத்தோடு ஸ்டேப்ளர் அடித்தார். பிறகு பிரித்து என்னிடமே நீட்டினார்: முதலில் என் துறை ஆலோசகர் கையெழுத்து வேண்டுமாம். ஆலோசகர் அப்போது ஊரில் இல்லை. வகுப்பில் முப்பது இடம், இருபத்தெட்டு நிரம்பிவிட்டது.

வழி காட்டியது ஒரு சீனியர் அக்கா. “கவுன்டரை விடு. போய் வகுப்புல உட்காரு. முடிஞ்சதும் பேராசிரியர்கிட்ட நேரா ஓவர்ரைடு கேளு, அதான், முன்தேவைத் தடையைத் தாண்டிச் சேர அனுமதி.”

கேட்டேன். அவர் தாளைத் தொடவே இல்லை. கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினார்: செங்குத்தாக இடம்பெயர்ந்த காற்றுத் துணுக்கின் முடுக்கம், மைனஸ் N வர்க்கம் பெருக்கல் z. z என்பது இடம்பெயர்ந்த உயரம், N வர்க்கம் காற்றடுக்கு எவ்வளவு நிலையானது என்பதன் அளவு. “தீர்வு என்ன?” “அலைவு.” “N வர்க்கம் நெகட்டிவ் ஆனா?” “எக்ஸ்பொனன்ஷியலா வளரும்.” “அப்படின்னா வெளியில என்ன தெரியும்?” ஒரு கணம் திணறி, “மேல எழும்பிட்டே போகும்... ஈரம் போதுமா இருந்தா இடிமேகம்” என்றேன். தலையாட்டிவிட்டு அங்கேயே மெயில் அனுப்பினார். பாடம் சேர்க்கும் கடைசி நாள், சாயங்காலம் நாலரை மணி. மூன்று வாரம் அலைந்தது இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே போனபின் அடி வேறு பக்கமிருந்து வந்தது. பைத்தான் நிரலில் புவிச்சுழல் சமநிலைக் காற்றை, அதாவது அழுத்த வேறுபாட்டின் விசையும் பூமி சுழல்வதால் வரும் கொரியாலிஸ் விசையும் சமமாக நிற்கும்போது வீசும் காற்றைக் கணக்கிடும் வீட்டுப்பாடம். அதில் கொரியாலிஸ் காரணியால் வகுக்க வேண்டும், அந்தக் காரணிக்கு அட்சரேகையின் சைன் வேண்டும். 45 பாகையில் சோதித்தேன், காற்று கொஞ்சம் மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். 40லும் அப்படியே. சமர்ப்பித்துவிட்டேன். 35 பாகையில் காற்று அப்படியே எதிர்த்திசையில் வீசியிருக்கிறது! பாகையை ரேடியனாக மாற்றவில்லை. சைன் 45க்கு 0.707 வர வேண்டிய இடத்தில் 0.851 வந்ததால் கண்ணில் படவில்லை. 35க்கு 0.574க்குப் பதில் மைனஸ் 0.428. எப்போதும் 30 பாகையில் சோதியுங்கள். தப்பாக இருந்தால் குறியே மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். உதவியாசிரியர், வானிலையைக் கணக்குப் போட்டே கணிக்கப் பார்த்த முன்னோடி ரிச்சர்ட்சனின் கதையைச் சொல்லித் தேற்றினார். 1922ல் ரிச்சர்ட்சன் வெளியிட்ட கைக்கணிப்பு ஆறு மணி நேரத்தில் 145 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஏறும் என்றது. நிஜத்தில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. தேறினேன், மார்க் தேறவில்லை.

காற்றுத்திசை என்றால் காற்று வரும் திசை, போகும் திசை அல்ல. இது தெரிந்தும் பாதி வகுப்பு மைனஸ் குறியை விட்டது. வகுப்பின் கணிப்புப் போட்டிக்குக் கெடு 00 யூடிசி, அதாவது உலகப் பொது நேரப்படி நள்ளிரவு; அதை உள்ளூர் நள்ளிரவு என்று நினைத்து ஒரு வாரம் முழுக்கப் பூஜ்யம் வாங்கியது நான் மட்டும்தான். வானிலை பலூன் விட்ட நாள் அருமையாகப் போனது, அதனால் எழுத ஒன்றுமில்லை.

தேசிய வானிலைத் துறை ஒன்றில் கணிப்பாளராகும் எண்ணம் இருந்தால், பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். உலக வானிலை அமைப்பு வானிலையாளர்களுக்கு என்று ஓர் அடிப்படைப் பயிற்சித் தொகுப்பு வகுத்திருக்கிறது. உங்கள் பாடத்திட்டம் அதை நிறைவு செய்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். என் நண்பன் காலநிலைப் பிரிவுக்கு மாறினான். அங்கே சினாப்டிக் ஆய்வகம் கட்டாயமில்லை. கடைசி வருஷத்தில்தான் அவனுக்கு அது உறைத்தது.

இப்போது அந்தச் சிவப்பு வரி. ஓவர்ரைடு வகுப்புக் கதவைத்தான் திறக்கும், பழைய பாடத்துக்குக் கிரெடிட் தராது. இது யாரும் எனக்குச் சொல்லவில்லை. இயங்கியல் இரண்டு பாகமும் முடித்து, எண்முறைக் கணிப்பும் முடித்து, பட்டத்துக்கு விண்ணப்பித்தால் ‘வகைக்கெழுச் சமன்பாடுகள்: நிறைவேறவில்லை’. அந்தச் சமன்பாடுகளை மட்டுமே வைத்து இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன்!

பழைய ஃபைலைத் தேடி எடுத்து, ஆலோசகர் கையெழுத்தோடு அதே கவுன்டருக்குப் போனேன். அதே ஆள். புரட்டிப் பார்த்து முத்திரை குத்தினார். “இதை அப்பவே கொண்டு வந்திருக்கலாமே?”

தாளின் மூலையில் அவர் அன்று அடித்துப் பிரித்த ஸ்டேப்ளர் ஓட்டை இரண்டும் அப்படியே இருந்தன.