கல்லடியில் ட்ரைவ் த்ரூ கோப்பிக் கடை: மெசின் தெரிவு நாட்குறிப்பு

ஓகஸ்ட் 4, 2025

முதலில் தண்ணீர், எஸ்பிரெசோ மெசின் பிறகு. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கிணறு இறங்க இறங்க உவர்ப்பு ஏறும். அந்த உப்பிலுள்ள குளோரைட்டு, துருப்பிடிக்காத உருக்குப் பொயிலரையும் உள்ளே புள்ளி புள்ளியாக அரிக்கும். சொஃப்னர் (கடினநீரை மென்மையாக்கும் கருவி) பூட்டினால் போதும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பவேண்டாம். அது கல்சியத்தை எடுத்துச் சோடியத்தை விடும். குளோரைட்டு அப்படியே இருக்கும்.

உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் கிடைத்தால் அதுவே மேல். குளோரினுக்கு ஒரு காபன் வடிகட்டி, கடினத்தன்மையை அளந்து பார்த்துத் தேவையானால் சொஃப்னர். கிணறுதான் கதி என்றால் ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பை நீக்கும் வடிகட்டி) வேண்டும். ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை விடக்கூடாது. அதில் மின்சாரம் ஓடாததால் பொயிலர் நிறைந்தது மட்டக்கம்பிக்கு (நீர்மட்டத்தை மின்சாரத்தால் உணரும் கம்பி) தெரியாது; பம்ப் நிறைத்துக்கொண்டே இருக்கும், நீராவிக் குழாயால் தண்ணீர் கொட்டும். கனியுப்பைத் திரும்பச் சேர்க்கும் காற்றிட்ஜ் போட்டு, கடினத்தன்மையை லீற்றருக்கு 50 முதல் 100 மில்லிகிராமுக்குள் வைக்கவேண்டும். ரீ.டி.எஸ். மீற்றர் கரைந்த உப்பு மொத்தத்தையே காட்டும், இதைக் காட்டாது. சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சோதனைப் பெட்டி தேவை.

ஓகஸ்ட் 6

மேல்தாங்கி 5 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் அரை பார்தான். ஆர்.ஓ.வுக்குச் சுமார் 3 பார் வேண்டும். பூஸ்டர் பம்ப் கட்டாயம்.

ஓகஸ்ட் 9

மின்சாரம். ஒற்றைக்கட்ட 30 அம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்ற்றில் மொத்தம் 6.9 கிலோவாற். இரண்டு குரூப் (கோப்பி இறங்கும் தலை) உள்ள மெசின் 3.7, கிரைண்டர் இரண்டும் 1.2, ஐஸ் மெசின் 0.5, குளிர்ப்பெட்டி 0.3, ஏசி 1.2. கூட்டினால் சரியாக 6.9! கொம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் கரண்டுக்கு இடமே இல்லை. மூன்றுகட்ட இணைப்புக்கு இப்போதே விண்ணப்பிக்கவேண்டும்.

இன்னொன்று: 13 அம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3 கிலோவாற். 3.7 கிலோவாற் மெசினை அதில் குத்தினால் பியூஸ் போகும், இல்லாவிட்டால் பிளக் உருகும். தனி பிரேக்கர், தனி வயர்.

ஓகஸ்ட் 12

எத்தனை குரூப்? நெரிசல் மணியில் 60 வாகனம், ஒன்றுக்கு ஒன்றரைக் கோப்பை என்று வைத்தால் 90 கோப்பை. ஒரு கோப்பைக்கு 18 கிராம் தூள், 36 கிராம் கோப்பி, 28 செக்கன். தூள் போட்டு, அமுக்கி, பூட்டி, கழுவ இன்னும் 20 செக்கன். ஒரு குரூப் மணிக்கு 75 கோப்பை தரும். இரண்டு தாராளம். மூன்றாவது குரூப்புக்கு மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் அது காசு விரயம்.

நேரம் இடிபடுவது பால் சூடாக்குவதில்தான். அதனால் இரண்டு பக்கமும் நீராவிக் குழாய், பெரிய நீராவிப் பொயிலர். கோப்பிக்குத் தனிப் பொயிலர் உள்ள மெசினே இங்கே பொருந்தும். ஒரே பொயிலருக்குள்ளால் குழாய் ஓடும் வகையில், கால் மணித்தியாலம் வாகனம் வராமல் திடீரென ஐந்து வந்தால், குழாயில் தேங்கிய தண்ணீர் அளவுக்கு மேல் சூடேறி முதல் கோப்பி கசக்கும். அளவு வந்ததும் தானாக நிறுத்தும் பொத்தானும் அவசியம். அதை அழுத்திவிட்டு யன்னலில் காசு வாங்கலாம்.

ஓகஸ்ட் 13

நம் நாட்டில் சாரதி வலப்பக்கம். வாகனம் கடையை வலப்பக்கம் வைத்து, கடிகாரத் திசையில் சுற்றவேண்டும். மெசினிலிருந்து யன்னல் ஓர் எட்டுத்தான்.

ஓகஸ்ட் 17

பட்ஜெட் இடித்தால் மெசினில் குறைக்கலாம், கிரைண்டரில் குறைக்கக்கூடாது. மணிக்கு 90 கோப்பை என்றால் 1.6 கிலோ கொட்டை. சின்ன அரைதட்டு சூடேறி, காலையில் 28 செக்கனில் வந்தது பத்து மணிக்கு வேறு நேரத்தில் வரும். 75 மில்லிமீற்றர் தட்டையான அரைதட்டு வேண்டும். இரண்டாவது கிரைண்டரும் அதே கொட்டைக்குத்தான். ஒன்று நின்றால் கடை நிற்காது. மாரியில் ஈரக்காற்று கொட்டையில் ஏறும்; மேல்கிண்ணத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு உரியதை மட்டும் போடவேண்டும், அரைப்பை அடிக்கடி திருத்தவேண்டும்.

ஓகஸ்ட் 21

உதிரிப்பாகங்கள் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது. மெசின் பில்லிலேயே கேஸ்கட் நான்கு, சல்லடை இரண்டு, தண்ணீரைத் திறந்து மூடும் சொலனோயிட் வால்வு ஒன்று, மட்டக்கம்பி ஒன்று சேர்த்தாயிற்று. குரூப்புக்குத் தண்ணீர் விடும் துவாரம் 0.6 மில்லிமீற்றர் அளவுதான். ஒரு குரூப் மட்டும் மெதுவாக ஓடினால் முதலில் அதைக் கழற்றிச் சுண்ணாம்பு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும்.